கூரைத் தண்ணீர் விழும் இடம்

நாங்கள் குடியிருக்கும் கேரவனை நகர்த்த வேண்டுமாம். பத்து மீட்டர் போதும் மதாம், அந்த வேலி ஓரம் வரைக்கும், நாளைக் காலையிலேயே முடிந்தால் நல்லது என்று இங்கே தோண்டுகிற தொல்லியல்காரி மத்தில்ட் படியில் நின்று பூட்ஸில் அப்பிய சேற்றைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். பிள்ளை தூங்குகிறான் என்று கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். சுவர் உங்கள் கேரவனுக்கு அடியில் போகிறது என்றாள். சுவர் என்றால் எனக்கு ஒன்றுமில்லை, இந்த நிலத்தில் எங்கே கீறினாலும் ஒரு ரோமாபுரிச் சுவர் தலையை நீட்டுகிறது, அதற்கு வழிவிட்டு வழிவிட்டு நாங்கள்தான் ஒதுங்கிக்கொண்டே வருகிறோம். ஆனால் சொல்லிவிட்டு அவள் என் தோளைத் தாண்டி ஒரு கணம் ரெமியைப் பார்த்தாள். அப்படிப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்க்காமல் இருந்திருந்தால் சரி என்று தலையாட்டிக் கதவைச் சாத்தியிருப்பேன். "இன்னொன்றா?" என்று கேட்டேன். "இருக்கலாம். கூரையோட்டின் விளிம்பு மட்டும் தெரிகிறது. உங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில்." "எந்தச் சக்கரம்?" அவள் கையை நீட்டினாள். இடது பக்கம். இடது பக்கம்தான் ரெமியின் தொட்டில். கூரையோடு என்றால் ஓடு இல்லை. வளைந்த ஒரு ஓட்டைக் கவிழ்த்து, அதற்கடியில் புதைத்த ஒரு கைக்குழந்தை. இதுவரை இந்தச் சுவரோரம் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொன்றாக. நாங்கள் இத்தனை நாளாக எதன்மேல் படுத்துத் தூங்கினோம் என்பதை இவ்வளவு மரியாதையாக, மதாம் மதாம் என்று, பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் அமலோருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எடுக்கமாட்டார். கிடங்கில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டச் சொல்கிறார்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் போன் பேசினால் சரக்கு தலையில் விழும். தெரிந்தும் அடிக்கிறேன். அடித்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் குறைகிறது, எடுக்காவிட்டால் கூடுகிறது, கணக்கு சரியாகப் போகிறது. இந்த இடத்தைப் பார்த்தவரும் அவர்தான், பிடித்தவரும் அவர்தான். ஒர்லேயான் நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, கோதுமை வயலை ஒட்டி, கிராமத்தின் கடைசித் துண்டு. "காரைக்கால்ல நம்ம தாத்தா காலத்துல இருந்து வாடகை வூடு, ஒதில், பிரான்சு குடியுரிமை வாங்கினதுக்கு ஒரு கொட்டாயாவது சொந்தமா வேணாமா" என்றார். கட்ட அனுமதி கேட்டோம். அனுமதிக்குப் பதிலாக மத்தில்ட் வந்தாள். எத்தனையோ வருடம் முன்னால், மழை பெய்யாத ஒரு கோடையில், யாரோ சின்ன விமானத்தில் இந்தப் பக்கம் போனபோது கோதுமைப் பயிரில் கோடு கோடாக இருந்ததாம். அடியில் கல் சுவர் இருக்கும் இடத்தில் வேர் இறங்காமல் பயிர் குட்டையாகி முதலில் மஞ்சளாகும், மேலேயிருந்து பார்த்தால் ஒரு வீட்டின் வரைபடம் மாதிரியே தெரியும், அறை, முற்றம், நடை, எல்லாம். படத்தை என்னிடம் காட்டினாள். எனக்கு அது யாரோ பென்சிலால் போட்டுவிட்டு அழிக்க மறந்த வீடு மாதிரி இருந்தது. நாங்கள் கட்ட நினைத்த வீட்டுக்கு நேர் குறுக்கே. ரோமாபுரிக் காலத்துப் பண்ணைவீடு, வில்லா என்கிறாள். அமலோர் விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தியா, பாண்டிச்சேரியில புரோக்கர் வில்லா வில்லான்னு விளம்பரம் போடுவான், நமக்கு வில்லாவே தானா வந்து மாட்டியிருக்கு, நீச்சல்குளத்தோட." நீச்சல்குளம் இல்லை, குளியல் அறை. செங்கல் தூண்களை முழங்கால் உயரத்துக்கு நிறுத்தி, அதன்மேல் தரையைப் போட்டு, கீழே நெருப்பின் சூட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். தரையே சுடுமாம். ஆயிரத்து எண்ணூறு வருடம் முன்னால் இந்த நிலத்தில் ஒருத்தி வெறுங்காலோடு சுடு தரையில் நடந்திருக்கிறாள், நான் கேரவனில் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு கேஸ் ஹீட்டரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குச் சிரித்ததுதான் கடைசி. தோண்டி முடிக்க ஒரு மாதம் என்றார்கள், அது கோடை. இப்போது இலை கொட்டிவிட்டது.

ரெமி முனகுகிறான். தொட்டுப் பார்த்தால் கழுத்து கொதிக்கிறது. நெற்றி அவ்வளவு இல்லை, கழுத்துதான். காலையில் மருந்து கொடுத்தேன், இறங்கியது, மறுபடி ஏறிவிட்டது. டாக்டர் கிளினிக் செயலாளருக்குப் போன் செய்தபோது வயலின் பாட்டு ஓடியது, முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது, கடைசியில் ஒரு பெண் எடுத்து "பால் குடிக்கிறானா மதாம்? குடிக்கிறான் அல்லவா? அப்படியானால் பல் வருகிறது, முதல் பிள்ளைதானே உங்களுக்கு?" என்றாள். முதல் பிள்ளை. அதை இங்கே எல்லோரும் ஒரு வியாதியின் பெயர் மாதிரி சொல்கிறார்கள். பல் இல்லை என்றேன். விரலைச் சுத்தமாகக் கழுவி ஈறு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன், வழவழ என்று இருக்கிறது, மேலேயும் இல்லை கீழேயும் இல்லை. வியாழக்கிழமை வாருங்கள் என்றாள். இன்றைக்கு என்ன கிழமை என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. பல். மத்தில்ட் அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதல் ஓட்டைத் தூக்கிய நாள், நான் ரெமியை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியோரம் நின்று, எதற்கு இதை வீட்டுச் சுவரோரம் புதைத்தார்கள், இவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாதா என்று கேட்டேன். இருந்தது, ஊருக்கு வெளியே, சாலையோரம், அங்கே பெரியவர்களை எரித்துச் சாம்பலைப் பானையில் வைப்பார்கள், ஆனால் பல் முளைக்காத பிள்ளையை எரிக்கமாட்டார்கள், தூரமாகவும் கொண்டுபோகமாட்டார்கள் என்றாள். வீட்டுக் கூரையின் தண்ணீர் சொட்டுகிற கோட்டில், சுவருக்கு வெளியே, ஆனால் கூரைக்குக் கீழே புதைப்பார்கள். வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல். சொல்லிக்கொண்டே பிரஷ்ஷால் தூசி தள்ளினாள், கோழி எலும்பு மாதிரி என்னவோ தெரிந்தது. நான் ரெமியின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன், அவன் எதைப் பார்த்துவிடுவான் என்று நினைத்தேனோ. அன்றிலிருந்து தினமும் விரலை விட்டுப் பார்க்கிறேன். பல் வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, எனக்கென்ன பைத்தியமா. இருந்தாலும் விரல் போகிறது.

எனக்குப் பல் அல்ல கவலை. பல் அவர்கள் கணக்கு. என் கணக்கு வேறு. இந்தப் பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆறு மாதம் ஆகிறது. எங்கள் ஊரில் நாற்பது நாள் தாண்டினாலே என்னம்மா விசேஷம் எப்போது என்று தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். அமலோர்தான் தள்ளிப்போடுகிறார். வீடு முடியட்டும், சாமியார் வந்து வீடு மந்திரிக்கட்டும், அன்றைக்கே பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றிவிடலாம், பாரீஸ் சனம் எல்லாம் ஒரே தடவையாக வந்து போகும், பிரியாணி ஒரே அண்டா. நல்ல யோசனைதான். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், இரண்டு விசேஷத்தை ஒரு முடிச்சாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒன்று தள்ளிப்போனால் இரண்டும் தள்ளிப்போகும். சுவருக்காக வீடு நிற்கிறது, வீட்டுக்காகப் பிள்ளை நிற்கிறான். போன வாரம்கூடச் சண்டை போட்டேன். "வீடு எப்ப வேணா கட்டலாம், புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்றேன். "என்ன ஆவப்போவுது அவனுக்கு? அதெல்லாம் அவசரம் இல்ல, நீ சும்மா பயப்படாத" என்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். நிதானமாக, மூலை வரைக்கும் தடவினார். அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவர், படுக்கும்போது சிலுவை போடாமல் படுக்காதவர், இதில் மட்டும் கல் மாதிரி இருக்கிறார். என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் ஒன்று பிறந்து உடனே போய்விட்டது. தண்ணீர் ஊற்ற நேரம் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குள்ளே வைக்கக்கூடாது என்று அந்தக் காலத்துச் சாமியார் சொல்லிவிட்டாராம், மதிலுக்கு வெளியே, காட்டாமணக்குப் புதர்ப் பக்கம் வைத்தார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஊரே உள்ளே போய்ப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும், அம்மா மட்டும் மதிலுக்கு வெளியே குனிந்து ஒன்று ஏற்றுவாள், காற்றில் அணையும், மறுபடி ஏற்றுவாள், நான் பாவாடையை விரித்து மறைப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் லிம்போவில் என்பாள். மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, அழுகையும் இல்லை, கடவுள் முகமும் இல்லை. இப்போது லிம்போ என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். கிடையாது என்றால் அங்கே இருந்ததுகள் எல்லாம் எங்கே போயின? யாரையாவது கேட்கலாம் என்றால் இங்கே சாமியாருக்கு இருபது கிராமம், எங்கள் கோயிலுக்கு எப்போதாவது ஒரு ஞாயிறு. ஞானஸ்நானத் தயாரிப்புக் கூட்டத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

போன் அடித்தது. அமலோர் என்று பாய்ந்து எடுத்தால் அத்தை. காரைக்காலில் சாயந்திரம் தாண்டியிருக்கும், பின்னால் டிவி ஓடுகிறது. "ஏம்மா ஒதிலு, கொரல் ஏன் இப்படி இருக்கு?" ஒன்றுமில்லை அத்தை, பிள்ளைக்கு லேசாகச் சூடு என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. "சூடா? பின்ன சூடு வராம? பொதைச்ச எடத்துல கொண்டுபோயி வண்டிய நிறுத்தி வெச்சிக்கிட்டு, ஊருல ஒருத்தன் செய்வானா இத? அந்த வெள்ளக்காரி தோண்டுறா தோண்டுறான்னு வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. கோயில் தண்ணி படாத புள்ள அது, அதுக்குத் தெரியுமா எது கிட்ட வருது எது தூரப் போவுதுன்னு." அத்தை, உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றேன். "அவன்கிட்ட சொன்னா கேக்குறானா? ஆவும்மா ஆவும்மாங்கறான். நீதான் கான்வென்ட்டுல படிச்சவ, நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றாள். எடுத்துச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். டிவியில் யாரோ கைதட்டினார்கள். கருவேப்பிலை தீர்ந்திருக்குமே, பொட்டலம் போடட்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தாள். கோபமாகவும் இருந்தது, வைத்த பிறகு தனியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில், நெஞ்சுக்குழிக்குக் கொஞ்சம் மேலே.

கான்வென்ட்டில் படித்தவள். ஆமாம், படித்தேன். பத்தாம் வகுப்பில் சிஸ்டர் அனுன்சியாத்தா ஒரு பொம்மையைக் கொண்டுவந்து மேசைமேல் படுக்கவைத்தார், ஒரு கண் மூடாத பொம்மை. நீங்கள் எல்லாம் நாளைக்குத் தாயாராவீர்கள், நர்ஸாவீர்கள், ஆபத்துக் காலத்தில் சாமியாருக்காகக் காத்திருக்கக் கூடாது, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், பெண்ணும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஊற்றும்போதே சொல்ல வேண்டும், ஊற்றிவிட்டுச் சொன்னாலும் செல்லாது, சொல்லிவிட்டு ஊற்றினாலும் செல்லாது. வரிசையாக வந்து செய்தோம். பொம்மையின் தலைமுடி பிய்ந்து ஒட்டிக்கொண்டது. ஸ்தனிஸ்லா மேரி எழுந்து, "சிஸ்டர், தண்ணி இல்லன்னா எளநீ ஊத்தலாமா?" என்றாள். செல்லாது. "கடல் தண்ணி?" செல்லும். "சோடா சிஸ்டர்?" வகுப்பே மேசையில் கவிழ்ந்தது. சிஸ்டருக்கு உதடு துடித்தது, சிரிப்பை விழுங்கிவிட்டு, "நீ ஊத்துற புள்ளைக்கு ஏப்பம்தான் வரும்" என்றார். அன்றைக்கு எவ்வளவு சிரித்தேன். கையில் ஒரு பிள்ளை அனல் மாதிரி கிடக்கும்போது அந்த வகுப்பு இப்படித் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சிஸ்டர் சொல்லித்தரவில்லை. ஆபத்து என்றால் எவ்வளவு ஆபத்து? கழுத்து கொதித்தால் ஆபத்தா? பால் குடிக்கிறான், பாதி குடித்துவிட்டுத் துப்புகிறான், அது ஆபத்தா? அவசரப்பட்டு ஊற்றிவிட்டால் அப்புறம் ஊற்ற முடியாது, ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். கோயிலில் வெள்ளைச் சட்டை போட்டு, பாரீஸ் சனம் முழுக்கப் பார்க்க, அமலோர் தூக்கி நிற்பார், சாமியார் தண்ணீரைத் தொடமாட்டார், ஏற்கெனவே ஆகிவிட்டது என்பார், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு ஊற்றாமல் இருந்து, அப்புறம். இந்த "அப்புறம்" வந்ததும் யோசனை நின்றுவிடுகிறது, காலையிலிருந்து அங்கேயே போய் முட்டுகிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது, செயலாளர் போனில் ஓடிய பாட்டு மாதிரி.

மழை பிடித்துக்கொண்டது. கேரவன் கூரையில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி. ஜன்னலைத் துடைத்துப் பார்த்தால் மத்தில்ட்டும் அவள் ஆட்களும் குழியின்மேல் கறுப்புத் தார்ப்பாய் இழுக்கிறார்கள், காற்று பிடுங்குகிறது, ஒருத்தி அதன்மேல் உட்கார்ந்தேவிட்டாள். எதை இப்படி மழையிலிருந்து காப்பாற்றுகிறார்கள்? மத்தில்ட் சொல்கிறபடி இங்கே முதலில் மரத்தில் ஒரு வீடு கட்டினார்கள், கம்பம் நட்ட குழிகள் மட்டும் இருக்கின்றன. இந்த ஊர்க்காரக் குடியானவன்தான், வெளியாள் இல்லை, ரோமாபுரிக்காரர்கள் வந்த பிறகு அவர்களைப் பார்த்துப் பேரன் கல்லில் கட்டினான், அவன் பேரன் சுவரில் சிவப்பு வண்ணம் பூசிக் குளியல் அறை கட்டினான், கடலே இல்லாத இந்த ஊருக்குச் சிப்பி வரவழைத்துத் தின்று ஓட்டைக் குப்பையில் போட்டான். அப்புறம் ஒரு நாள் எரிந்தது. எரிந்த வீட்டின் நல்ல தரையில் எவனோ ஒரு கொல்லன் உலை வைத்து இரும்பு அடித்தான். கடைசியில் கல்லை எல்லாம் பெயர்த்துக் கோயில் கட்டிக்கொண்டார்கள். மத்தில்ட் இதைச் சொல்லும்போது அவள் சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும், பேரன், அவன் பேரன் என்று. சுவரோரத்துப் பிள்ளைகளின் அம்மா யார் என்று கேட்டால் தெரியாது என்கிறாள். வேலைக்காரர்கள் இருந்த பக்கம்தான் இது, அதனால் அவர்கள் பிள்ளைகளாக இருக்கலாம் என்கிறாள். சுவருக்கு உள்பக்கம் படுத்திருப்பாள் அவள். மழை பெய்யும். கூரைத் தண்ணீர் வரிசையாக விழும், அந்த வரிசையில் தன் பிள்ளை இருக்கிறது என்று தெரியும், நனைகிறதே என்று எழுந்து போயிருப்பாளா, அல்லது நனையட்டும் என்றுதான் அங்கே வைத்தாளா? பிற்காலத்தில் கிறிஸ்தவர்களானவர்கள்கூடச் சில ஊரில் தண்ணீர் படாமல் போன பிள்ளைகளைக் கோயில் சுவரோரம் வைத்தார்களாம், கோயில் கூரையில் விழுந்த மழை மேலே சொட்டினால் அதுவே ஞானஸ்நானம் ஆகிவிடும் என்று. அதையும் மத்தில்ட்தான் சொன்னாள், சாண்ட்விச் தின்றுகொண்டே. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், சொல்லவில்லை. மதிலோரத்தில் ஏது கூரை?

தொட்டிலை இழுத்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது, ஒரு காலைத் தூக்கி, இன்னொரு காலைத் தூக்கி, வலது பக்கம் கொண்டுவந்துவிட்டேன், அலமாரிக் கதவு இனித் திறக்காது. அதனால் என்ன ஆகிவிட்டது? நகர்ந்தது அரை ஆள் நீளம்கூட இல்லை. ரெமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், ஆனால் பார்த்த மாதிரி இல்லை, கண் வேறெங்கோ நின்றது, அழக்கூட இல்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. பிறந்தபோதும் இவன் அழவில்லையாம். எனக்குத் தெரியாது, நேரத்துக்கு முன்னாலேயே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், நான் மயக்கத்தில் கிடந்தேன். மறுநாள் கண் விழித்தபோது அமலோர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, சின்னதாப் பொறந்திருக்கான், கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க, அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான். அவர் என்ன சொன்னாலும் அப்படித்தான். போதும். எழுந்தேன். தட்டில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து, குழாயில் கொஞ்சம் பிடித்து, குளிர்ந்திருக்கிறதே என்று கெட்டில் தண்ணீர் கலந்து, முழங்கையில் விட்டுப் பார்த்தேன். குளிக்கவைக்கும் சூடு. துண்டை விரித்து அவன் தலையை என் இடது கையில் வைத்தேன். பெயர் சொல்ல வேண்டும், ரெமி, நான் உனக்கு. குறி தவறித் தண்ணீர் துண்டில் சிந்தியது, அது கணக்கா? தலையில் படவில்லை, கணக்கில்லை. மறுபடி டம்ளரைச் சாய்க்கப் போனேன், அப்போது போன்.

"என்னடி இத்தனை தடவ அடிச்சிருக்க?" பின்னால் கிடங்கு, வண்டி பின்னால் வரும் பீப் பீப் சத்தம். கேரவன், ஓடு, சக்கரம், காய்ச்சல், செயலாளர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில், "நான் தண்ணி ஊத்தப்போறேன். நீங்க என்ன சொன்னாலும் சரி. டம்ளர் கையில இருக்கு" என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். பீப் சத்தம் நின்றது, ஒரு கதவு சாத்துகிற சத்தம், எங்கோ ஒதுங்கிவிட்டார்.

"ஊத்தாத ஒதில்."

"ஏன்? பிரியாணிக்கு ஆளு வராதா?"

"ரெண்டு தடவ ஊத்தக் கூடாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யார், எப்போது என்றேன். ஆஸ்பத்திரியில், நீ மயக்கத்தில் இருந்தபோது என்றார். "டாக்டரம்மா வந்து காலை வரைக்கும் பாக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டேன், தோளத் தொட்டுட்டுப் போயிட்டாங்க. நர்ஸ்கிட்ட கொஞ்சம் தண்ணி கேட்டேன். அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்காம கண்ணாடியில இருந்த ஓட்டைய தொறந்து விட்டுச்சு. கை உள்ள போற ஓட்டை. விரல்ல தொட்டு, தலை இத்தினூண்டு இருந்துச்சு ஒதில், என் உள்ளங்கை அளவு. அங்க சொட்டு விட்டேன்."

"என்னா பேரு சொன்னீங்க? பேரே அப்ப முடிவு பண்ணலையே."

"புள்ளன்னு சொன்னேன். புள்ள, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு."

"விடும்போதே சொன்னீங்களா, விட்டுட்டுச் சொன்னீங்களா?"

"ஞாபகம் இல்லடி. அப்ப எனக்கு என் பேரே ஞாபகம் இல்ல."

"ஆறு மாசம்," என்றேன். "ஆறு மாசமா நான் செத்துச் செத்துப் பொழைக்கிறேன், நீங்க வெண்ணெ தடவிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஏன் சொல்லல? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஏன் ஊத்துனீங்கன்னு கேப்ப," என்றார். "அதுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

மூக்கை உறிஞ்சுவது கேட்டது, கிடங்கில் யாரோ மூசியே மூசியே என்று கூப்பிட்டார்கள், வருகிறேன் என்று அவர் பிரெஞ்சில் சொன்னது அழுத குரலாகவே இருந்தது. காலைவரைக்கும். நான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு காலைவரைக்கும் இவன் அங்கே வெளியேயும் இல்லாமல் உள்ளேயும் இல்லாமல் கிடந்திருக்கிறான், அவர் தனியாக நின்றிருக்கிறார், எனக்கு ஒன்றும் தெரியாது. பயம் போகவில்லை. ஒரு பயம் போன இடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது, அதுவும் பழையது, ஆறு மாதப் பழையது, அதைப் பயப்படுவதற்கே இப்போது காலம் கடந்துவிட்டது. "லீவு கேட்டுட்டு ஒடனே கெளம்பி வாங்க," என்றேன். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போவோம். வியாழக்கிழமை வரைக்கும் எல்லாம் நான் பாக்கமாட்டேன்." சரி என்றார். "வண்டிய மெதுவா ஓட்டிட்டு வாங்க, மழை." சரி சரி என்றார்.

டம்ளர் இன்னும் என் கையில். ரெமி துண்டின்மேல், கால் இரண்டையும் உதைக்காமல் சும்மா வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். விட்டுவிட்டுச் சொன்னாரா, சொல்லிவிட்டு விட்டாரா என்று ஒரு மூலையில் தொடங்கிவிட்டது, தொடங்கும், இனி ராத்திரியெல்லாம் அதுதான். சந்தேகத்துக்கு என்றே ஒரு வாசகம் இருக்கிறது, நீ இதற்குமுன் பெறவில்லையென்றால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியும், நாக்கின் நுனியில் நிற்கிறது. ஆனால் அவர் அந்த ஓட்டைக்குள் கையை விட்டு நின்றதை எப்படிச் சந்தேகப்படுவது? கைக்குட்டையை டம்ளரில் முக்கினேன். பிழிந்தேன். கழுத்தைத் துடைத்தேன், காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, மறுபடி முக்கிப் பிழிந்து கழுத்து. நெற்றிக்கு வந்தபோது அந்த வாசகத்துக்கு உதடு தானாகப் பிரிந்தது. வாயை மூடிக்கொண்டு துடைத்தேன்.